செல்ஃப் அடிக்கும்போது ஸ்டீரியோ அணையாமல் இருக்க என்ன செய்யலாம்?

கேட்டவரின் சிக்கலை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். சாவியை ஒரு படி திருப்பியதும் ஸ்டீரியோ உயிர் பெற்றுப் பாட்டு ஓடுகிறது. செல்ஃப் அடித்ததும் அணைந்துபோகிறது. வண்டி ஸ்டார்ட் ஆனபின் மறுபடியும் முதலிலிருந்து பூட் ஆகிறது. ஆண்ட்ராய்டு செட் என்பதால் அரை நிமிடம் வெறும் லோகோவைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியிருக்கிறது. அதுபோக, இன்ஜினை அணைத்துச் சாவியை எடுத்தால் பேசிக்கொண்டிருந்த புளூடூத் அழைப்பு பாதியில் போனுக்குத் தாவிவிடுகிறது. ஒரு நிமிடமாவது செட் விழித்திருந்தால் நல்லது. "ஒரு கெப்பாசிட்டர் போட்டால் எல்லாம் சரியாகிவிடும்" என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். எங்கே போடுவது, எவ்வளவு பெரியது போடுவது என்பதுதான் கேள்வி.

வண்டிகளில் ஆடியோ வேலை செய்து பல வருடமாயிற்று. இந்தக் கேள்வியோடு வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது, இது ஒரு வேலை இல்லை, இரண்டு வேலை. செல்ஃப் அடிக்கும் ஒன்றிரண்டு நொடியைக் கடத்திவிடுவது ஒன்று. சாவி எடுத்தபின் ஒரு நிமிடம் தாக்குப்பிடிக்க வைப்பது இன்னொன்று. முதலாவதற்குக் கெப்பாசிட்டர் (கொஞ்சம் மின்சாரத்தைச் சேர்த்துவைத்துத் திருப்பிக் கொடுக்கும் பாகம்) உதவலாம். இரண்டாவதற்கு உதவாது, ஏன் என்று கணக்கோடு கீழே காட்டுகிறேன்.

செட்டின் பின்பக்கத்திலிருந்து ஆரம்பிப்போம். தனியாக வாங்கிப் பொருத்தும் செட்டுகளில் பவருக்கு மூன்று ஒயர் வரும். மஞ்சள் நேராக பேட்டரியிலிருந்து, சாவி எந்த நிலையில் இருந்தாலும் 12 வோல்ட். சிவப்பு, சாவி வழியாக வரும் 12 வோல்ட். கருப்பு, எர்த். இன்றைய செட்டுகளில் பெரும்பாலானவை தங்களுக்கு வேண்டிய கரன்ட் முழுவதையும் மஞ்சளில்தான் இழுக்கின்றன. சிவப்பு ஒயர் "சாவி போட்டாயிற்று, எழுந்திரு" என்று சொல்லும் சைகை மட்டுமே. அதில் ஓடுவது சில மில்லி ஆம்பியரிலிருந்து சில பத்து மில்லி ஆம்பியர் வரைதான். அதனால் ஸ்டீரியோ முழுவதையும் தாங்கிப் பிடிக்க வேண்டியதில்லை. அந்த ஒற்றைச் சிவப்பு ஒயரை ஏமாற்றினால் போதும். மிகப் பழைய செட்டுகள் சிலவற்றில் மட்டும் சிவப்பிலேயே முழு லோடும் போகும், மஞ்சள் வெறும் நினைவகத்துக்கு. உங்களுடையது எந்த ரகம் என்று ஊகிக்க வேண்டாம். மல்டிமீட்டரை 10 ஆம்பியர் ரேஞ்சில் வைத்து, சிவப்பு ஒயரை நடுவில் பிரித்து, மீட்டரைத் தொடராக இணைத்துப் பாட்டை ஓடவிடுங்கள். கிட்டத்தட்டச் சுழியம் காட்டினால் மில்லி ஆம்பியர் ரேஞ்சுக்கு மாற்றிச் சரியான எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கீழே சொல்லப்போகும் எல்லாமே இந்த எண்ணைப் பொறுத்தது.

இனி சாவி. வழக்கமான சாவி சுவிட்சில் நான்கு நிலை: லாக், ஏசிசி (ஸ்டீரியோ போன்ற துணைக் கருவிகளுக்கு மட்டும்), ஆன், ஸ்டார்ட். ஏசிசி-யிலும் ஆனிலும் ஸ்டீரியோவுக்கு மின்சாரம் வரும். ஸ்டார்ட் நிலைக்குப் போகும்போது வண்டி வேண்டுமென்றே ஏசிசி-யைத் துண்டிக்கிறது. அது பழுதில்லை. செல்ஃப் மோட்டார் நூறு ஆம்பியருக்கு மேல் சர்வசாதாரணமாக இழுக்கும். அந்த நேரத்தில் வைப்பர், ஏசி காற்றாடி, ஸ்டீரியோ எல்லாம் சற்று ஒதுங்கி நிற்கட்டும் என்பது வடிவமைத்தவர்களின் எண்ணம். சாவியை விட்டதும் ஸ்பிரிங் அதை ஆனுக்கு இழுத்துவிடும், ஏசிசி திரும்ப வரும். நடுவில் போனது ஒரு நொடியோ இரண்டோ. பழைய கேசட் செட்டுக்கு அது ஒரு பொருட்டே இல்லை, பாட்டு விட்ட இடத்திலிருந்து ஓடும். ஆண்ட்ராய்டு செட் உள்ளே ஒரு முழுக் கணினி. அதற்கு ஒரு நொடி மின்சாரம் போவதும் ஒரு நாள் போவதும் ஒன்றுதான்.

ஆனால் செல்ஃப் அடிக்கும்போது செட் அணைவதற்கு இதைத் தவிர இன்னொரு காரணமும் இருக்கிறது, அதைப் பார்க்காமல் வேலையில் இறங்கித்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். செல்ஃப் இழுக்கும் வேகத்தில் பேட்டரியின் வோல்டேஜே சரிகிறது. நல்ல பேட்டரி 10 வோல்ட் பக்கத்தில் நிற்கும். களைத்துப்போன பேட்டரி முதல் உதையில் 7 அல்லது 8 வோல்ட்டுக்கும் இறங்கும். அப்போது சிவப்பு ஒயர் மட்டுமல்ல, மஞ்சளும் காலை வாரிவிடுகிறது. இந்த நிலைமையில் சிவப்பில் என்ன வித்தை காட்டினாலும் செட் ரீசெட் ஆகத்தான் செய்யும்.

எது உங்கள் வண்டியில் நடக்கிறது என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்துகொள்ளலாம். சிவப்பு ஒயரை வண்டி பக்கத்திலிருந்து பிரித்துவிட்டு, 1 ஆம்பியர் ஃபியூஸ் போட்ட ஒரு துண்டு ஒயரால் செட்டின் சிவப்பையும் மஞ்சளையும் தற்காலிகமாக இணையுங்கள். இப்போது சாவி எப்படித் திரும்பினாலும் செட்டுக்குக் கவலையில்லை. பாட்டை ஓடவிட்டுச் செல்ஃப் அடியுங்கள். பாட்டு தொடர்ந்தால் உங்கள் சிக்கல் ஏசிசி துண்டிப்பு மட்டும்தான், தொடர்ந்து படியுங்கள். அப்போதும் ரீசெட் ஆனால் சிக்கல் வோல்டேஜ் சரிவு. பேட்டரியையும் அதன் முனைகளையும் எர்த் பட்டையையும் பாருங்கள். முனையில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருப்பதைச் சுரண்டி இறுக்கியதோடு சரியான வண்டிகள் எத்தனையோ. பேட்டரி நன்றாக இருந்தும் ரீசெட் ஆனால், மஞ்சள் ஒயரில் வைக்கிற மாதிரி 12 வோல்ட்டை நிலையாகக் கொடுக்கும் பூஸ்ட் கன்வர்ட்டர் விற்கிறார்கள், அதுதான் வழி. மஞ்சளில் கெப்பாசிட்டர் வைத்துச் சமாளிக்கலாமா என்று கேட்பீர்கள். செட் 3 ஆம்பியர் இழுக்கிறது, ஒரு நொடிக்கு 2 வோல்ட்டுக்கு மேல் சரியக் கூடாது என்றால் 1.5 ஃபாரட் (கெப்பாசிட்டரை அளக்கும் அலகு) வேண்டும். அதில் பத்து லட்சத்தில் ஒரு பங்கான மைக்ரோ ஃபாரட் இல்லை, முழு ஃபாரட். டேஷ்போர்டுக்குள் வைக்கும் விஷயமே இல்லை. சோதனை முடிந்ததும் அந்தத் துண்டு ஒயரை மறக்காமல் கழற்றிவிடுங்கள். ஏன் என்பதற்குப் பின்னால் வருகிறேன்.

சரி, ஏசிசி துண்டிப்புதான் என்று தெரிந்துவிட்டது. எனக்குப் பிடித்த வழியில் கெப்பாசிட்டரே கிடையாது, மின்சாரத்தை ஒரே திசையில் விடும் டயோடு இரண்டு போதும். சாவி சுவிட்சிலிருந்து ஏசிசி தவிர ஐஜி (இக்னிஷன்) என்ற லைனும் வருகிறது. அதில் ஒரு கிளை ஆனிலும் ஸ்டார்ட்டிலும் விடாமல் உயிரோடிருக்கும். இருந்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் செல்ஃப் சுற்றும்போது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூவுக்கே மின்சாரம் இருக்காது, வண்டி எப்படி ஸ்டார்ட் ஆகும்? ஆக ஏசிசி-யிலிருந்து ஒரு டயோடு, இந்த ஐஜி-யிலிருந்து ஒரு டயோடு, இரண்டின் வெள்ளைக் கோடு போட்ட முனைகளையும் ஒன்றாகச் சேர்த்துச் செட்டின் சிவப்பில் கொடுத்துவிட்டால், இரண்டில் எது உயிரோடிருந்தாலும் செட் விழித்திருக்கும். ஏசிசி-யிலிருந்து ஆன், ஆனிலிருந்து ஸ்டார்ட், மறுபடி ஆன் என்று எங்கேயும் இடைவெளி விழாது. சாவியை எடுத்தால் இரண்டும் போகும், செட் ஒழுங்காக அணையும், பேட்டரியில் ஒரு சொட்டுக்கூட வீணாகாது. 1என்4007 என்ற சாதாரண டயோடே இதற்குப் போதும். 1 ஆம்பியர் தாங்கும், 0.7 வோல்ட் குறைக்கும், சைகை ஒயருக்கு அது ஒன்றுமில்லை.

"டயோடு எதற்கு, இரண்டு ஒயரையும் நேராக முறுக்கிவிட்டால் ஆகாதா" என்று கேட்டால், கூடவே கூடாது. அப்படி முறுக்கினால் ஸ்டார்ட்டில் ஐஜி-யிலிருந்து மின்சாரம் பின்னோக்கிப் பாய்ந்து ஏசிசி-யில் தொங்கும் அத்தனைக்கும் போகும். அதைவிட மோசம், சாவி ஏசிசி-யில் இருக்கும்போதே இன்ஜின் பக்கச் சுற்றுகள் விழித்துக்கொள்ளும். ஒரு மெல்லிய ஸ்டீரியோ ஒயர் அந்த லோடையெல்லாம் சுமந்து சூடேறும். டயோடு ஒருவழிக் கதவு, அதற்காகத்தான்.

ஐஜி-யை எங்கே பிடிப்பது? உங்கள் வண்டி எது என்று சொல்லவில்லை, சொல்லியிருந்தாலும் மீட்டரைத்தான் நம்பச் சொல்லியிருப்பேன். வண்டி நியூட்ரலில், கைப்பிரேக் போட்ட நிலையில், ஒருவர் சாவியைத் திருப்ப, இன்னொருவர் ஃபியூஸ் பெட்டியில் ஒவ்வொரு ஃபியூஸின் தலையிலும் மீட்டர் முனையை வைத்துப் பார்க்க வேண்டும். ஏசிசி-யில் சுழியம், ஆனில் 12, செல்ஃப் சுற்றும்போதும் 10-ஐ ஒட்டி நிற்கிறதென்றால் அதுதான் நமக்கு வேண்டியது. செல்ஃப் சுற்றும்போது சுழியமாகிவிட்டால் அது காற்றாடி, வைப்பர் வகைக் கிளை, பயன்படாது. ஏர்பேக், ஏபிஎஸ், ஈசியூ, ஃபியூயல் பம்ப் என்று எழுதியிருக்கும் ஃபியூஸ்களில் மீட்டர் வைத்துப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், கிளை எடுக்காதீர்கள். ஒயரை உரித்துச் சுற்றாமல், ஃபியூஸின் இடத்திலேயே செருகும் இரட்டை ஃபியூஸ் ஹோல்டரைப் பயன்படுத்தினால் பின்னால் தடமில்லாமல் கழற்றலாம். புதுக் கிளைக்கு 1 ஆம்பியர் ஃபியூஸ் போதும். டேஷ்போர்டுக்கு அடியில் மஞ்சள் உறையோ மஞ்சள் கனெக்டரோ போட்ட ஒயர்க் கட்டு கண்ணில் பட்டால் தொடாதீர்கள். அது பெரும்பாலும் ஏர்பேக்கின் ஒயர், ஸ்டீரியோவின் மஞ்சளுக்கும் அதற்கும் உறவில்லை.

ஐஜி எட்டும் தூரத்தில் கிடைக்கவில்லை என்றால்தான் நான் கெப்பாசிட்டருக்குப் போவேன். ஏசிசி ஒயரில் வரிசையாக 1 ஆம்பியர் ஃபியூஸ், 22 ஓம் 1 வாட் ரெசிஸ்டர், டயோடு, அப்புறம் செட்டின் சிவப்பு. டயோடைத் தாண்டி, சிவப்புக்கும் எர்த்துக்கும் நடுவே கெப்பாசிட்டர். டயோடு இல்லாவிட்டால் கெப்பாசிட்டரில் சேர்ந்த மின்சாரம் ஏசிசி-யில் இருக்கும் மற்றவற்றுக்கும் பின்னோக்கி வடிந்து, கண் இமைப்பதற்குள் காலியாகிவிடும். சொன்னபடி செய்தும் ஓடவில்லை என்று வருகிற பலருடைய வண்டியில் விடுபட்டிருப்பது இந்த டயோடுதான். ரெசிஸ்டர், காலிக் கெப்பாசிட்டர் முதல் கணத்தில் வெறியோடு இழுக்கும் கரன்ட்டை ஏறக்குறைய அரை ஆம்பியர் அளவுக்கு அடக்க.

அளவுக்கு எளிய கணக்கு உண்டு. எத்தனை நொடி தாங்கும் என்பது, கெப்பாசிட்டரின் ஃபாரட்டை இறங்க அனுமதிக்கும் வோல்ட்டால் பெருக்கி, ஒயர் இழுக்கும் ஆம்பியரால் வகுத்தால் வரும். சிவப்பில் 10 மில்லி ஆம்பியர், 4 வோல்ட் இறங்கும்வரை செட் பொறுக்கும் என்று வைத்தால், 4700 மைக்ரோ ஃபாரட் ஏறக்குறைய 1.9 நொடி தாங்கும். செல்ஃபுக்கு அது போதும். அதே கெப்பாசிட்டர், ஒயர் 50 மில்லி ஆம்பியர் இழுத்தால் 0.4 நொடிகூடத் தாங்காது. முதலில் கரன்ட்டை அளக்கச் சொன்னது இதற்காகத்தான். அந்த 4 வோல்ட் மட்டும் உறுதியான எண் இல்லை. சில செட்டுகள் 9 வோல்ட்டிலேயே விட்டுவிடும், சில 6 வரை பிடித்துக்கொண்டிருக்கும். அதனால் கணக்கில் வருவதைவிட ஒரு படி பெரியதாகப் போட்டுச் செல்ஃப் அடித்துப் பார்ப்பதுதான் நடைமுறை. இப்போது இரண்டாவது வேலைக்கு, அந்த ஒரு நிமிடத்துக்கு, இதே கணக்கைப் போடுங்கள்: 1,50,000 மைக்ரோ ஃபாரட். தேங்காய் அளவு டப்பாவைத் தேடிக்கொண்டு போக வேண்டாம், அதற்கு வேறு வழி இருக்கிறது.

கெப்பாசிட்டர் வாங்கும்போது 16 வோல்ட் என்று எழுதியதை எடுக்காதீர்கள். இன்ஜின் ஓடும்போது லைனில் 14.4 வோல்ட் சாதாரணமாக இருக்கும், மேலே திடீர்த் துள்ளல்களும் வரும். 35 வோல்ட், 105 டிகிரி தாங்குவது வாங்குங்கள். வெயிலில் நிறுத்திய வண்டியின் டேஷ்போர்டு எப்படிக் கொதிக்கும் என்று உங்களுக்கே தெரியும். மைனஸ் கோடு இருக்கும் கால் எர்த்துக்கு. மாற்றிப் போட்டால் உப்பி வெடிக்கும், நாற்றம் ஒரு வாரம் வண்டியை விட்டுப் போகாது.

சாவி எடுத்தபின் ஒரு நிமிடம் வேண்டுமென்றால் டைமர் ரிலே போர்டு (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சான ரிலேயும் நேரம் எண்ணும் சுற்றும் சேர்ந்தது) வாங்குங்கள். அதில் ஆஃப் டிலே, ஆன் டிலே என்று இரண்டு வகை. நமக்கு ஆஃப் டிலே. சைகை வந்ததும் ரிலே உடனே பிடிக்க வேண்டும், சைகை போனபின் எண்ணத் தொடங்கி, நேரம் முடிந்ததும் விட வேண்டும். எண்ணிக்கொண்டிருக்கும்போது சைகை திரும்ப வந்தால் எண்ணிக்கை அழிய வேண்டும். நான்கு இணைப்பு: 1 ஆம்பியர் ஃபியூஸ் வழியாகப் பேட்டரி லைன், எர்த், சைகைக்கு ஏசிசி, ரிலே வழியாகப் போகும் 12 வோல்ட் செட்டின் சிவப்புக்கு. கவனித்தீர்களா, இது வந்துவிட்டால் செல்ஃப் இடைவெளியும் இலவசமாகத் தீர்ந்துவிடுகிறது. ஒரு நிமிடம் தாங்குவதற்கு இரண்டு நொடி எம்மாத்திரம். ஒரே ஒரு கண்ணி: போர்டில் இருக்கும் சின்ன மைக்ரோ கன்ட்ரோலரும் செல்ஃப் அடிக்கும்போது வோல்டேஜ் சரிவில் தடுக்கி விழலாம். அதன் பவர் லைனில் ஒரு டயோடும் 470 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டரும் போட்டால் பெரும்பாலும் நின்றுவிடும். ரிலே ஒருமுறை பிடித்துவிட்டால் வோல்டேஜ் பாதியாகக் குறைந்தாலும் லேசில் விடாது, அது நமக்குச் சாதகம். நேரத்தை ஒரு நிமிடமோ இரண்டோ வையுங்கள். பத்து நிமிடம் வைத்தாலும் 2 ஆம்பியர் செட்டுக்கு மூன்றில் ஒரு ஆம்பியர் மணி தான் செலவு, நல்ல பேட்டரிக்கு அது உறைக்காது. ஆனால் நீங்கள் இறங்கிப்போன பின்னும் திரை எரிவதைப் பார்க்கிறவர்கள் கதவைத் தட்டிச் சொல்ல வருவார்கள்.

இதற்கெல்லாம் குறுக்கு வழியாகச் சிவப்பையும் மஞ்சளையும் ஒரு சுவிட்ச் வைத்து இணைத்துக்கொள்ளும் பழக்கம் உண்டு. நானும் ஆரம்பத்தில் என் சொந்த வண்டியில் அதைத்தான் செய்தேன். ஓர் இரவு சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டு, சுவிட்சை மறந்து இறங்கிப் போனேன். காலையில் சாவியைத் திருப்பினால் டக் டக் டக் என்று ரிலே அடித்துக்கொள்ளும் சத்தம் மட்டும். சும்மா இருக்கும் செட் 2 ஆம்பியர், பத்து மணி நேரத்தில் 20 ஆம்பியர் மணி, 45 ஆம்பியர் மணி பேட்டரியில் கிட்டத்தட்டப் பாதி. தனி ஆம்ப்ளிஃபையர் வேறு இருந்தால் செட்டின் நீலம்-வெள்ளை ஒயர் அதையும் விழிக்க வைத்துவிடும். சோதனை ஒயரைக் கழற்றச் சொன்னது இந்த அனுபவத்தால்தான்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். ஒயரில் கை வைப்பதற்கு முன் செட்டின் மெனுவைத் துழாவுங்கள். நிறைய ஆண்ட்ராய்டு செட்டுகளில் ஏசிசி போனதும் முழுக்க அணையாமல் உறங்கும் வசதி இருக்கிறது. அது இயங்கினால் இரண்டு நொடியில் விழித்துவிடும், அரை நிமிட பூட் வராது. சிலவற்றில் அணைவதைத் தாமதப்படுத்தும் அமைப்பே உண்டு. அதோடு, சிவப்பும் மஞ்சளும் இடம் மாறி இணைக்கப்பட்டிருந்தால் உறக்கம் வேலை செய்யாது, ஒவ்வொரு முறையும் ஸ்டேஷன்களும் கடிகாரமும் அழிந்துபோகும். செட்டின் பின்னால் செருகும் ஐஎஸ்ஓ கனெக்டரில் 4-ஆம் கால் நேர் பேட்டரி, 7-ஆம் கால் சாவி வழி; சில ஐரோப்பிய வண்டிகளில் இவை இடம் மாறி வரும். உங்கள் கடிகாரமும் அழிகிறதா என்று பாருங்கள், அழிந்தால் இங்கேயே தீர்வு இருக்கக்கூடும்.

மேலே சொன்னது அத்தனையும் ஏசிசி ஒயர் என்று ஒன்று உண்மையிலேயே இருக்கும் வண்டிக்கு. புது வண்டிகள் பலவற்றில் ஸ்டீரியோவுக்கு அப்படி ஒயரே வராது. சாவி நிலையை கேன் பஸ் (வண்டியின் மாட்யூல்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் ஒயர் இணைப்பு) வழியாகச் செய்தியாக அனுப்புவார்கள். அங்கே செட்டோடு வரும் டீகோடர் பெட்டிதான் அந்தச் செய்தியைப் படித்துச் சிவப்பு ஒயரை உண்டாக்கும். டயோடு, டைமர் எதுவானாலும் அந்தப் பெட்டிக்கும் செட்டுக்கும் நடுவில் வையுங்கள், வண்டி பக்கம் போகாதீர்கள். பட்டன் ஸ்டார்ட் வண்டியிலும் அதே. கதவைத் திறந்ததும் அணைய வேண்டும் என்ற ஆசை சிலருக்கு வரும். கதவு சுவிட்ச் இப்போதெல்லாம் பாடி கன்ட்ரோல் மாட்யூல் என்ற, கதவு, விளக்குகளைக் கவனிக்கும் கணினிக்கு நேராகப் போவதால், வாரன்ட்டி உள்ள வண்டியில் அதைத் தொட நான் மறுத்துவிடுவேன்.

வேலை தொடங்குமுன் பேட்டரியின் மைனஸைக் கழற்றுங்கள். முடித்தபின், அதே மைனஸ் ஒயருக்கும் பேட்டரி முனைக்கும் நடுவே மீட்டரை 10 ஆம்பியர் ரேஞ்சில் வைத்து, வண்டி உறங்கும்போது எவ்வளவு இழுக்கிறது என்று பாருங்கள். பானட் திறந்திருக்கும், கதவு மூடியிருக்க வேண்டும், சாவி வண்டிக்கு வெளியே. மீட்டர் இணைப்பில் இருக்கும்போது கதவைத் திறக்கவோ சாவியைப் போடவோ வேண்டாம், மீட்டரின் ஃபியூஸ் போய்விடும். முதலில் ஓர் ஆம்பியர்கூடக் காட்டலாம், பயப்படாதீர்கள். வண்டியின் மாட்யூல்கள் ஒவ்வொன்றாக உறங்க இருபது முப்பது நிமிடம் பிடிக்கும், டைமர் விடும்போது எண் ஒரு படி இறங்குவதும் தெரியும். கடைசியில் 50 மில்லி ஆம்பியருக்குக் கீழே வந்து நின்றால் வேலை சுத்தம். அதற்கு மேலேயே நின்றால், புதிதாகப் போட்ட 1 ஆம்பியர் ஃபியூஸை உருவிப் பாருங்கள். எண் இறங்கினால் குற்றவாளி உங்கள் டைமர் போர்டு, இறங்காவிட்டால் அது வண்டியில் முன்பே இருந்த கசிவு.